சேலம் விஜயராகவாச்சாரியார்

இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றிருக்கும் ஹோசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். சர்க்காரைப் பதில் சொல்ல வைத்தே பெயரெடுத்த ஸ்ரீ விஜயராகவாச்சாரியார் அந்த ஜில்லாவின் வக்கீல்.

1852-ல் பொன்விளைந்தகளத்தூரில் பிறந்தவர். 1882-ம் வருஷத்துச் சேலம் கலகத்தைத் தூண்டினாரென்று அவருக்குப் பத்து வருஷத் தீவாந்தர சிக்ஷை விதித்தார்கள். ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. வேறொருவராயின் பிழைத்தோமென்று வீட்டோடு இருந்திருப்பார். ஆச்சாரியாரோ, நகரசபை ஸ்தானத்திலிருந்து தம்மை நீக்கியது செல்லாதென்று இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்து நஷ்டஈடு பெற்றார். குடியானவன் சர்க்கார் உத்தரவைக் கண்டு நடுங்கிய காலம் அது என்பதை மறக்கலாகாது.

1895-ல் சென்னைச் சட்டசபைக்குச் சென்று ஆறு வருஷம் இருந்தார். 1892-ம் வருஷத்துச் சட்டத்திற்கு முன் அங்கே சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமையே அங்கத்தினருக்குக் கிடையாது. வந்த உரிமையும் ஊனமுற்றதே. கேள்விக்கு முன்னறிவிப்பு வேண்டும். தலைவர் அதைத் தள்ளிவிடலாம். மழுப்பலான பதில் வந்தால் துணைக் கேள்வி போட வழியில்லை. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், வோட்டுக் கிடையாது. இந்த முறிந்த கோலை ஊன்றியே அவர் அதிகாரிகளுடன் வாதாடினார். துணைக் கேள்வி உரிமை 1909-ல்தான் கிடைத்தது.

1913 முதல் 1916 வரை இந்தியச் சட்டசபையிலும் இருந்தார். 1920-ல் நாகபுரிக் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தார். மத்திய சர்க்கார் சட்டசபைக்குப் பொறுப்பாவதைக் காணாமலே 1944-ல் காலமானார்.