பிடிலை நமதாக்கிய பாலுசாமி தீட்சிதர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவர், பேசின் பிரிட்ஜ்

ஆய கலைகளுள் இசைக்கலைக்குத் தனியிடம் உண்டு. கற்றாரும் கல்லாரும், செல்வரும் வறியரும் ஒருங்கே மயங்கும் கலை அது. அக்கலையில் ஈடுபடத் துடிக்கும் இளைஞர்களை இரண்டு வினாக்கள் எப்போதும் வாட்டுகின்றன. நல்ல கருவி கையில் இருந்தால் மட்டும் ஒருவன் இசைஞன் ஆகிவிட முடியுமா என்பது ஒன்று. பிற நாட்டார் செய்த கருவி நம் இசைக்கு ஒத்து வருமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்க்கையால் விடை தந்தவர் பாலுசாமி தீட்சிதர். பிடில் என்றும் வயலின் என்றும் நாம் அழைக்கும் மேனாட்டுக் கருவியைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படுபவர் அவரே. அவர் அதனைக் கற்றது நம் வடசென்னைப் பகுதியில் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பிறப்பும் குடும்பமும்

பாலுசாமி தீட்சிதர் 1786-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் இராமசாமி தீட்சிதர், திருவாரூரில் வாழ்ந்த பெரும் இசைப் புலவர். ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே என்பர். நூற்றெட்டு இராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலிகையாகப் பாடிய பெருமையும் அவருக்கு உண்டு. அவருடைய மூத்த மைந்தர், கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர். அடுத்தவர் சின்னசாமி. எல்லோருக்கும் இளையவர் பாலுசாமி. பேச்சைக் கற்கும்போதே சுரத்தையும் கற்கும் பேறு பெற்ற குடும்பம் அது.

மணலி வாழ்க்கை

இன்று மணலி என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகளுமே நம் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது வயல்கள் சூழ்ந்த சிற்றூர். அவ்வூரின் செல்வந்தர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த இடையீட்டாளராக, விளங்கியவர். பூக்கடைப் பகுதியில் இன்றும் உள்ள சென்னகேசவப் பெருமாள் கோயிலை மீண்டும் எழுப்பியதில் பெரும்பங்கு அவருடையது. கலைஞர்களை ஆதரிப்பதில் நாட்டமுடைய அவர், இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்துடன் மணலிக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்று ஊரார் அழைத்தது இவரைத்தான்.

மணலியில் இருந்த காலத்தில்தான் மூத்தவர் முத்துசாமி, சிதம்பரநாத யோகியாருடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கித் திரும்பினார். இளையவராகிய பாலுசாமி வீணை, மிருதங்கம், சுரபத் முதலிய கருவிகளில் பழகி வந்தார். எந்தக் கருவியைக் கண்டாலும் அதன் நுட்பத்தை அறிய விழையும் உள்ளம் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

கோட்டையில் கேட்ட ஒலி

சின்னையா முதலியாருக்கும் கம்பெனி அலுவல் இருந்தது. ஆதலால் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிட்டியது. அங்கே ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழு இசைப்பதைக் கேட்க, தீட்சிதர் சகோதரர்களையும் அவர் அழைத்துச் சென்றார்.

ஒரே இசையைக் கேட்ட இரு சகோதரர்களும் இரு வேறு செல்வங்களை எடுத்து வந்தனர். முத்துசாமி தீட்சிதர் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவை. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்றாக உள்ளது. பாலுசாமியோ கருவியை எடுத்துக்கொண்டார். அந்தக் குழுவில் ஒலித்த பிடில் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது.

கவர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. வீணையின் தந்தியை மீட்டியதும் ஒலி எழுந்து, பின் மெல்லத் தேய்ந்துவிடும். பிடிலிலோ வில்லை இழுக்கும் வரை ஒலி நிற்கும். பாடுவோரின் மூச்சைப் போல நீளவும் குறையவும் செய்யும். மேலும் வீணையில் மெட்டுகள் உண்டு. பிடிலில் மெட்டுகளே இல்லை. விரல் தடையின்றி வழுக்கிச் செல்லலாம். கமகமே உயிராக உள்ள நம் இசைக்கு இதைவிட ஏற்ற தன்மை வேறென்ன வேண்டும்? கருவி வெளிநாட்டில் பிறந்ததே ஆயினும், அதன் தன்மை நம் வாய்ப்பாட்டுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. பாலுசாமியின் செவி அந்த உறவைக் கண்டுகொண்டது.

மூன்றாண்டுப் பயிற்சி

சின்னையா முதலியார் செய்த உதவியை இங்கு நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு பிடிலை விலைக்கு வாங்கிக் கொடுத்து, உன் திறமை உன் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. ஓர் ஐரோப்பிய வித்துவானை ஊதியம் கொடுத்து அமர்த்தினார். பாலுசாமி அவரிடம் மூன்று ஆண்டுகள் பிடில் பயின்றார்.

பாலுசாமி புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். பல கருவிகளை ஏற்கெனவே அறிந்தவர். அத்தகையவர், எனக்குத் தெரியாததா என்று எண்ணவில்லை; அந்நியர் ஒருவர் முன் மாணவராக அமர்ந்தார். முதலில் அக்கருவியை அதற்குரியவர்களின் முறைப்படியே கற்றார். அதன் பிறகே நம் இசையை அதில் வாசிக்கத் தொடங்கி வெற்றியும் கண்டார். இந்த வரிசைமுறையே அவர் வாழ்வு நமக்குத் தரும் முதற்பாடம் எனின் மிகையாகாது.

கருவி நமதான விதம்

மேனாட்டார் பிடிலைத் தோளில் வைத்து முகவாயால் அணைத்து வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக் காலின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்து வாசிக்கின்றனர். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாமற் போகிறது. விரல்கள் தந்தியின் மேல் விருப்பம்போல் ஓடுகின்றன.

சுருதி கூட்டும் முறையும் மாறியது. மேனாட்டு முறையில் நான்கு தந்திகளும் தாழ்ந்த ஒலியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ எனச் செல்லும். அடுத்தடுத்த தந்திகளின் அதிர்வெண்கள் 2-க்கு 3 என்னும் விகிதத்தில் அமையும். நம் முறையில் அவை ச, ப, ச, ப என்று அமைகின்றன. ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள விகிதமும் அதே 2-க்கு 3 தான். நடுவிலுள்ள இரு தந்திகளுக்கு இடையே மட்டும் அது 3-க்கு 4 ஆகிறது. இயற்பியல் வகுப்பில் தந்தியின் அதிர்வைப் படித்தபோது இக்கணக்கைப் போட்டுப் பார்த்து மகிழ்ந்தேன். மரத்திலும் வில்லிலும் மாற்றம் இல்லை. அமர்வும் சுருதியும் மாறின. அவ்வளவில் மேனாட்டுப் பிடில் நம் பிடில் ஆயிற்று!

எட்டயபுரத்தில்

தந்தையார் இராமசாமி தீட்சிதர் 1817-இல் மறைந்தார். தமையனார் சின்னசாமியும் 1823-இல் காலமானார். அதன்பின் பாலுசாமியின் புலமையைக் கேட்டு மகிழ்ந்த எட்டயபுரத்து மன்னர் அவரைத் தம் சமஸ்தான வித்துவானாக அமர்த்திக்கொண்டார். கோட்டைப் பாண்டில் ஒலித்த கருவி இவ்வாறு தெற்கே ஒரு தமிழ் அரசவையில் இடம்பெற்றது.

தம்பியைக் காண வந்த முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே தங்கி, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவ்வூரிலேயே இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி இன்றும் அங்கே உள்ளது. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரர் சுப்பராம தீட்சிதர் 1839-இல் பிறந்தார். பேரரைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தார் பாலுசாமி. அந்தச் சுப்பராம தீட்சிதர்தாம் 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டு, முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் காத்துத் தந்தவர். பாலுசாமி பிடில் கற்ற வரலாறும் அந்நூலின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

பிடிலின் புகழும் விரைந்து பரவியது. முத்துசாமி தீட்சிதரின் மாணவர்களாகிய தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு, பிடிலில் பெரும்புகழ் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பாலுசாமி தீட்சிதர் 1850-களின் இறுதியில் மறைந்தார். இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் புறப்பட்டபோது அவருக்கு எழுபது வயது. இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் காண்பதே அரிது.

பேஸ் கிதாரும் நாமும்

நண்பர்களே! பழங்கதை எதற்கு என்று நீங்கள் வினவலாம். எங்கள் பேசின் பிரிட்ஜில், ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டுக்கு அருகே உள்ள தெருவில், ஓர் இன்னிசைக் குழு உண்டு. அதில் நான் பேஸ் கிதார் வாசிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற் பிள்ளை நான். ஆகையால் படிக்கிற பிள்ளைக்கு வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பக்தியோடு கேட்கும் பிடிலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வாத்தியமே என்பதைப் பணிவுடன் நினைவூட்டுவதே என் விடை.

பேஸ் கிதாரின் தந்திகள் தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. பிடிலின் எழுத்துகளை அப்படியே தலைகீழாக வைத்தது போல் இல்லையா? பிடிலின் தாழ்ந்த தந்தி நொடிக்கு 196 முறை அதிர, பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி சுமார் 41 முறையே அதிர்கிறது. மிருதங்கத்தின் இடந்தலை போலத் தாளத்தோடு நின்று பாட்டைத் தாங்குவதே அதன் பணி. அமெரிக்கரான லியோ பெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிதார் உலகெங்கும் பரவியது. 1976-இல் அன்னக்கிளி படத்தின் வழியே அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள், பேஸ் கிதாரும் தனியொரு மெட்டைப் பாடக்கூடும் என்பதை நம் செவிகளுக்குப் பழக்கின. அவரும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகப் பயின்ற பின்னரே அதனை நம் மண்ணின் இசையோடு கலந்தவர்.

கருவி வாங்குவோர் விலையையும் பெயரையும் பார்த்து மயங்க வேண்டா. பழைய கருவியாயினும் கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் விரலை வைத்து, தந்தி இரைகிறதா என்று சோதிக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் வெறுந்தந்தியின் மேல் ஸ்தாயி சரியாக ஒலிக்க வேண்டும். இவை செம்மையாக இருந்தால் பயில்வதற்கு அதுவே போதும். பின்னர் நாள்தோறும் ஒரு மணி நேரம், விளம்ப காலத்தில், தாளம் பிசகாமல் வாசித்துப் பழகுவதே முன்னேறும் வழி. பாலுசாமியும் கருவியின் விலையை நோக்கவில்லை. அது எதைச் செய்ய வல்லது என்பதையே நோக்கினார்.

ஆனால், பாலுசாமிக்கு வாய்த்து நமக்கு வாய்க்காதது ஒன்று உண்டு. அதுவே ஆசிரியர். எங்கள் தெரு இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துப் பழைய கிதார் ஒன்றை வாங்கிவிட்டோம். கற்றுத்தரும் மாஸ்டருக்கு மாதந்தோறும் கட்டணம் கொடுக்க எங்களால் இயலவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டும், ஒருவர் விரலை ஒருவர் பார்த்தும் ஓரளவே செல்ல முடிகிறது. கானாவிலும் தேவாலயப் பாடற்குழுவிலும் திறமை காட்டும் எத்தனையோ பிள்ளைகள் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதே நிலையில் உள்ளனர். திறமை குறைவு என்று அவர்களை ஒதுக்குவது முறையாகாது. மூன்றாண்டுகள் ஆசிரியரிடம் அமரும் வாய்ப்பை அவர்களுக்கு யாரும் தரவில்லை என்பதே உண்மை.

முடிவுரை

ஆகவே, நம் கல்லூரி நுண்கலை மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவிற்கு வாடகைக்குக் கருவிகள் எடுப்பதோடு நில்லாமல், வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது கற்றுத்தர ஓர் இசையாசிரியரை அமர்த்த வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் பாலுசாமி பிடில் பயின்ற காலமும் ஒரே அளவாக இருப்பது நல்ல பொருத்தம் அன்றோ? சின்னையா முதலியார் தனி ஒருவராய் ஒரு மாணவருக்குச் செய்ததை, அரசுக் கல்லூரி பலருக்குச் செய்ய முடியும்.

மாணவ நண்பர்களும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பது பெரிதன்று. அதன் முறையைப் பணிவோடு கற்று, நம் பாட்டுக்கு ஏற்ப வளைக்கும் துணிவு பெற்றால் அது நம்முடையதே. இவ்வுண்மையை மணலியில் வளர்ந்த ஓர் இளைஞர் செய்து காட்டினார். அவர் வழி நின்று நாமும் கற்போம், இசையில் உயர்வோம்.