25 ரூபாய் பங்கு, இரண்டு கப்பல்கள்: வழக்கறிஞர் வ.உ.சி. நடத்திய வணிகப் போர்

ஜார்ஜ்டவுன் – ராஜூலா கப்பலைப் பற்றிப் பினாங்கின் மூத்த தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி நம் தாத்தா பாட்டிமார் பலரை இங்கே கொண்டுவந்து இறக்கிய கப்பல் அது. 1926-இல் கட்டப்பட்ட அதன் முதலாளி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே அந்தக் கம்பெனியைக் கடலில் எதிர்த்து நின்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழர் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் நாம் அவரை அறிவோம். தோட்டத்துத் திடல்களில் சிவாஜி கணேசன் நடித்த படத்தைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. ஆனால் அவர் கப்பல் விட்டது ஒரு வழக்கறிஞராக, கம்பெனிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான். அந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் தந்தை உலகநாத பிள்ளையும் வழக்கறிஞரே. மகனும் பிளீடர் தேர்வில் தேறி ஊரிலேயே தொழில் செய்தார். 1900 வாக்கில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். துறைமுகப் பட்டினம் அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து பி.ஐ. கம்பெனியின் பிடியில் இருந்ததை அங்கே அவர் கண்ணால் கண்டார்.

1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதைத் தலைக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஆசிய நாட்டவர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவி சிறியது, வேலை முழுக்க அவருடையது.

25 ரூபாய் என்ற அந்தத் தொகையில்தான் அவருடைய சட்ட அறிவு தெரிகிறது. ஒரு கடையைத் தனி ஆளாகவோ கூட்டாகவோ நடத்தினால், கடன் ஏறும்போது கடைக்காரரின் வீடும் நகையும் சேர்ந்து போகும். இன்று நம் மார்க்கெட் ஸ்திரீட்டில் 'என்டர்பிரைஸ்' பலகை மாட்டியிருக்கும் கடைகளுக்கும் இதே நிலைதான். வரையறுக்கப்பட்ட கம்பெனி அப்படியல்ல. அது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். கடன் அதன் பெயரில் நிற்கும். பங்கு போட்டவர் இழப்பது போட்ட பணத்தை மட்டுமே. ஆகவே சாதாரண வியாபாரியும் துணிந்து 25 ரூபாயை நீட்ட முடிந்தது. நம் நாட்டில் எஸ்.எஸ்.எம்.மில் பதியும் 'செண்டிரியான் பெர்ஹாட்' நிறுவனங்களுக்கும் அடிப்படை இதுவே.

முதல் அடி ஒப்பந்தத்தில் விழுந்தது. கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வ.உ.சி. கொழும்பில் ஒரு கப்பலைப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தாமல் காத்தார். பிறகு சொந்தக் கப்பல் வாங்கக் கிளம்பினார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன.

அடுத்து வந்தது கட்டணப் போர். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. பி.ஐ. இலவசமாகவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்தது!

வழக்கறிஞரான அவர் ஏன் நீதிமன்றம் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். போயிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். சீனத் தேயிலை ஏற்றிய கப்பல் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, கட்டணத்தைக் குறைத்து மொகல் கம்பெனி என்ற போட்டியாளரை விரட்டிய வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. லாபத்துக்காகப் போட்டியாளரை இப்படி ஒடுக்குவது சட்டவிரோதம் ஆகாது என்று 1891-இல் பிரபுக்கள் சபை தீர்த்துவிட்டது. இன்றைய மலேசியாவில் நிலைமை வேறு. 2012 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 2010 போட்டிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. போட்டியாளரை ஒழிக்க அடக்கவிலைக்கும் கீழே விற்பதும் அதில் அடங்கக்கூடும். வ.உ.சி.க்கு அப்படி ஒரு சட்டம் வாய்க்கவில்லை.

அதே ஆண்டுகளில் பினாங்கிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1907-இல் இங்குள்ள காவ் குடும்பத்தினர் ஈஸ்டர்ன் ஷிப்பிங் கம்பெனியைத் தொடங்கினர். 1922-இல் அது ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப்பிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த 15 ஆண்டுகள் தூத்துக்குடிக்குக் கிடைக்கவில்லை.

கப்பலைக் கவிழ்த்தது குற்றவியல் நீதிமன்றம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைதானார்கள். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது.

கம்பெனி தனி ஆள் என்று சட்டம் சொல்லலாம். உண்மையில் அந்தக் கம்பெனி ஒரு மனிதரின் காலில் நடந்தது. அவர் கோவை, கண்ணனூர் சிறைகளில் இருக்க, 1911-இல் அது கலைக்கப்பட்டது. கப்பல் எதிரிக் கம்பெனியிடமே விலைபோனது. எனக்கு இதில் அதிகம் உறுத்துவது செக்கு அல்ல, இந்த விற்பனைதான்.

1912 டிசம்பரில் விடுதலையானார். தண்டனை பெற்றவர் என்பதால் வழக்காடும் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த 347 ரூபாய் 12 அணா, நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1916-இல் கைக்கு வந்தது. பின்னர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கோவில்பட்டியில் மறுபடியும் வழக்குகள் எடுத்தார். இடையில் தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.