மண்ணுக்குத் தொண்டாகிய தாலந்து

தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியக்காரனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். தமக்கு அருளப்பட்ட தாலந்தைப் புதைத்து வைக்காமல், அதைக் கொண்டு மண்ணையே வாழ வைத்த ஒருவரின் வரலாறு இது. அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், ஏறத்தாழ 1864-இல் அவர் அடிமைத் தாய்க்குப் பிறந்தார். பிறந்த நாள் எதுவென அவரே அறியார். கைக்குழந்தையாய் இருக்கையில் கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. நோயாளிச் சிறுவனாகையால் வயல் வேலைக்கு அனுப்பப்படாத அவர், காடுகளில் திரிந்து செடி கொடிகளை நேசிக்கக் கற்றார். அதுவே இறைவன் அவருக்களித்த முதல் பள்ளிக்கூடம்.

அருகிலிருந்த பள்ளி வெள்ளையர்க்கு மட்டும் உரியது. எனவே கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தேடி நியோஷோ என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சி அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். கற்றதைத் தன் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்னும் எண்ணத்தை அவர் நெஞ்சில் ஊன்றியவர் அந்த அம்மையாரே. பின்னர் துணி வெளுத்தும் சமைத்தும் படித்தார். இடம் தருவதாகச் சொன்ன கல்லூரி ஒன்று, நேரில் அவருடைய நிறத்தைக் கண்டதும் கதவடைத்தது. அவர் மனம் கசந்தாரில்லை.

1890-இல் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயின்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவரது ஓவியம் சிறப்பிக்கப்பட்டது. ஓவியராகவே வாழ்ந்திருக்கலாம். ஆயினும் தம் மக்களுக்கு எது பயன்படும் என்ற கேள்வி அவரை வேளாண்மைக்குத் திருப்பியது. அயோவா வேளாண் கல்லூரியில் 1894-இல் இளங்கலையும் 1896-இல் முதுகலையும் முடித்தார். அக்கல்லூரியின் ஆசிரியப் பணியைத் துறந்து, புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவிலுள்ள டஸ்கிகி நிறுவனத்திற்கு வந்தார்.

இடைவிடாத பருத்திப் பயிரால் தென்மாநில நிலங்கள் வளமிழந்து கிடந்தன. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகள் குத்தகை உழவர்களாய்க் கடனில் மூழ்கியிருந்தனர். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் பயிரிடச் சொன்னார் கார்வர். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உரம் வாங்க வழியற்ற ஏழைக்கு இது பெரும் வரம். 1906 முதல் குதிரை வண்டியிலேயே பாடசாலை அமைத்து உழவர்களின் வாசலுக்கே அறிவைக் கொண்டு சென்றார்கள். எளிய நடையில் 44 சிறு வெளியீடுகளும் எழுதினார்.

அவரிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. நிர்வாகப் பணிகளில் அவர் தேர்ந்தவரல்லர். புக்கர் வாஷிங்டனோடு அடிக்கடி பிணக்கு எழுந்தது. விலகிவிட எண்ணியதும் உண்டு. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பதும் உண்மையன்று. ஆயினும் தம் மக்களை விட்டு அவர் செல்லவில்லை. 47 ஆண்டுகள் டஸ்கிகியிலேயே உழைத்தார். மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் வேத வகுப்பு நடத்தினார். தம் ஆய்வுகளுக்கு மூன்றே காப்புரிமைகள் பெற்றார்; மற்றவற்றை எல்லாரும் இலவசமாய்ப் பயன்படுத்த விட்டுவிட்டார். வாழ்நாள் சேமிப்பை ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே அளித்து, 1943 ஜனவரி 5-ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே, அறிவு, கலை, கைத்திறன், நாவன்மை ஆகியவை நாம் ஈட்டிய சொத்துகள் அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. பட்டம் பெற்றவுடன் ஊரை மறப்பவர் தாலந்தைப் புதைத்தவரே. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தும், கற்றதைத் தம் மக்களின் வாசலுக்கே கொண்டு சென்ற கார்வரின் வழி நம் முன் இருக்கிறது. நம் கையிலுள்ள தாலந்துக்கு நாம் என்ன கணக்குக் கொடுக்கப் போகிறோம்?