பொய் சொல்ல மறுத்த வக்கீல் வீட்டுக்கு வீடு தந்த பீரோ

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டி இருக்கிறது கூமாப்பட்டி. பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வயல்களும் தென்னந் தோப்புகளும் நிறைந்த ஊர். இங்கும் சரி, பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்திலும் சரி, பெண்ணுக்குச் சீர் வரிசை என்றால் கட்டில், மெத்தை, பாத்திர பண்டங்களோடு ஓர் இரும்பு பீரோவும் வண்டியில் ஏறும்.

அந்த பீரோவை உள்ளூர்ப் பட்டறையில் அடித்திருப்பார்கள். ஆனாலும் பெரியவர்கள் வாயில் அது கோத்ரெஜ் பீரோதான்! தமிழ்நாட்டில் பல காலம் இரும்பு பீரோவுக்கே அது பெயராகி விட்டது.

கோத்ரெஜ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் இரும்பு வியாபாரி அல்ல, கொல்லர் அல்ல. பொய் சொல்ல மனமில்லாததால் தொழிலை விட்ட ஒரு வக்கீல்!

மணிக் கூண்டில் நடந்த சோகம்

அர்தேஷிர் கோத்ரெஜ் 1868-ம் வருஷம் மார்ச் 26-ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். ஆறு குழந்தைகளில் மூத்தவர். தந்தை பர்ஜோர்ஜி, நிலமும் வீடும் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். பிள்ளை சட்டம் படித்தார்.

இளம் வயதிலேயே கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் பச்சுபாய். அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. 1891 ஏப்ரல் 25-ந் தேதி, பச்சுபாய் உறவுக்காரப் பெண் ஒருத்தியுடன் பம்பாய் சர்வகலாசாலையின் ராஜாபாய் மணிக் கூண்டைப் பார்க்கப் போனாள். சுமார் 280 அடி உயரமுள்ள கோபுரம் அது. சற்று நேரத்தில் இரண்டு பெண்களும் மேலிருந்து விழுந்து மாண்டார்கள்.

நகரமே கொதித்தது. ஒருவர் மீது வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். அன்று மேலே நடந்தது என்ன என்பது கடைசி வரை துலங்கவில்லை. அர்தேஷிர் அதன் பிறகு மறுமணம் செய்து கொள்ளவே இல்லை.

முதல் வழக்கே கடைசி வழக்கு

படிப்பு முடிந்ததும் 1894-ம் வருஷம், ஒரு வழக்கை நடத்த ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜான்சிபாருக்குப் போனார். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு தன் கட்சிக்காரர் சொல்வது உண்மைதானா என்ற சந்தேகம் வந்தது. உண்மை என்று தனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றைக் கோர்ட்டில் உண்மை என்று வாதாட அவர் இணங்கவில்லை. கட்சிக்காரருக்குக் கோபம், அனுப்பியவர்களுக்கும் வருத்தம். கையை வீசிக் கொண்டு பம்பாய் திரும்பினார். கறுப்புக் கோட்டு அதோடு போயிற்று.

அடுத்து ஒரு மருந்துக் கடையில் உதவியாளர் வேலை. அங்கே ஓர் எண்ணம் உதித்தது. ஆபரேஷன் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் சீமையிலிருந்து வருகின்றனவே, இங்கேயே செய்தால் என்ன? தந்தையின் நண்பர் மெர்வான்ஜி காமா 3,000 ரூபாய் கடன் கொடுத்தார். கருவிகள் தயாராயின. தரத்தில் குற்றமில்லை என்று வாங்குபவரும் ஒப்புக் கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இந்தியாவில் செய்தது என்று மட்டும் பொறிக்கக் கூடாது!

அர்தேஷிர் மறுத்தார். வியாபாரம் முறிந்தது. கடன் மிஞ்சியது. கோர்ட்டில் சொல்லாத பொய்யைக் கத்தியின் மேல் மட்டும் பொறிப்பாரா?

பூட்டு பிறந்தது

அந்தச் சமயம் பம்பாயில் திருட்டு பெருகி வருவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. நல்ல பூட்டு இருந்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று அர்தேஷிர் கணக்கிட்டார். ஒரு தடவை தோற்றவரை நம்பி காமா மறுபடியும் பணம் கொடுத்தார். 1897 மே 7-ந் தேதி லால்பாக் பகுதியில் ஒரு சின்னக் கொட்டகையில் வேலை தொடங்கியது. இடம் 215 சதுர அடி. இன்று நகரத்தில் ஒரு படுக்கை அறையின் அளவு!

பூட்டுக்குள் இருக்கும் சிறு தகடுகளைச் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அந்தத் தகடுகளைப் பழைய இடத்துக்குத் தள்ளி விடுவது ஸ்பிரிங். நாளாக ஆக ஸ்பிரிங் தளரும், பூட்டு கெடும். ஸ்பிரிங்கே இல்லாமல் வேலை செய்யும் பூட்டை அர்தேஷிர் அமைத்தார்.

காமாவின் உறவினர் பாய்ஸ் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்து, சீக்கிரமே விலகினார். ஆள் விலகினாலும் பெயர் விலகவில்லை. கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

பூட்டுக்குப் பின் இரும்புப் பெட்டி. 1902-ம் வருஷம் அது சந்தைக்கு வந்தது. திருடனுக்கு மட்டுமல்ல, தீக்கும் அசையாத பெட்டி வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஜனங்கள் பார்க்க, பெட்டியை நெருப்பில் வைத்துச் சோதித்துக் காட்டினார். தம்பி பிரோஜ்ஷாவும் தொழிலில் இறங்கினார். அண்ணனுக்குக் கற்பனை, தம்பிக்கு நிர்வாகம்.

அது சுதேசி இயக்கத்தின் காலம். அர்தேஷிரும் தேசபக்தர்தான். 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தவர். ஆனால் நம் நாட்டுச் சரக்கு என்பதற்காக மட்டமானதையும் ஜனங்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அந்நியச் சரக்கை விட நம் சரக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பதே அவர் கட்சி. மிருகக் கொழுப்பு சேராமல் தாவர எண்ணெயில் சோப் செய்தார். அதற்கு வைத்த பெயர் சாவி!

பீரோ வருகிறது

1923-ம் வருஷம் எஃகு பீரோ தயாரிக்கத் தொடங்கினார்கள். அதுவரை நம் வீடுகளில் மரப் பெட்டி, தகர டிரங்குப் பெட்டி இவைதான். மரத்தைக் கரையான் அரிக்கும். டிரங்குப் பெட்டியில் அடியில் கிடக்கும் சேலையை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் கலைக்க வேண்டும். எஃகு பீரோவில் அந்தத் தொல்லைகள் இல்லை. துணிக்குத் தட்டு, நகைக்கு உள்ளறை, எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு.

அர்தேஷிர் 1928-ல் பொறுப்பைத் தம்பியிடம் விட்டு விட்டு நாசிக்கில் விவசாயம் பார்க்கப் போனார். 1936 ஜனவரியில், 67-ம் வயதில் காலமானார்.

அவர் செய்த வேலைக்கு உண்மையான பரீட்சை அதன் பிறகுதான் வந்தது. 1944 ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடி மருந்துக் கப்பல் வெடித்து, பெரும் பகுதி தீக்கிரையானது. இடிபாடுகளில் கிடந்த கோத்ரெஜ் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இருந்தவை பத்திரமாக இருந்தன. 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் வந்தபோது, விக்ரோலியிலுள்ள அவர்கள் ஆலையில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகு ஓட்டுப் பெட்டிகள் தயாராயின.

பழைய இரும்பை எப்படி அறிவது?

இன்று பெரிய நகரங்களில் பழைய இரும்புச் சாமானுக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. பூச்சில்லாத கான்கிரீட்டை அப்படியே விட்டுக் கட்டும் முரட்டுக் கட்டடப் பாணி ஒன்று 1950-களில் பரவியது. பொருளின் சொந்த முகத்தை மறைக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. அந்த ரசனையில் செய்த கனத்த உலோக டீப்பாய்களைக் கூடத்தில் போடுவதற்காக இப்போது தேடி அலைகிறார்கள்.

டீப்பாயானாலும் பீரோவானாலும் பழசை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விரலால் தட்டிப் பாருங்கள். கனத்த தகடு அடக்கமாக ஒலிக்கும்; மெல்லிய தகடு சலசலக்கும். சாய்த்து, கால்களின் அடியைப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் குடியேறும். இணைப்புகளை அசைத்துப் பாருங்கள். பீரோ என்றால் கதவு உரசாமல் மூட வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால் தாழ்கள் ஒன்றாக இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பளபளக்கும் புதுப் பெயிண்டைக் கண்டு மயங்காதீர்கள். ஒட்டுப் போட்ட இடமும் துருவும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

சரக்கு ஒன்று, மேலே பொறிக்கும் பெயர் ஒன்று என்பதைத்தானே அர்தேஷிர் ஏற்க மறுத்தார்?

கூமாப்பட்டி வீட்டில் கல்யாணச் சீராக வந்த பீரோவில் இன்று நிலப் பத்திரமும் தாலிக் கொடியும் பட்டுச் சேலையும் இருக்கின்றன. இரவு சாவியைத் திருப்பி இடுப்பில் செருகிக் கொண்டு வீட்டுக்காரி நிம்மதியாகத் தூங்கப் போகிறாள். அந்த நிம்மதிக்கு விதை போட்டவர், நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொல்ல மறுத்து, ஜான்சிபாரிலிருந்து வெறுங்கையோடு கப்பல் ஏறிய அந்த இளம் வக்கீல்தான்.