குளிரில் ஒரு கணித மேதை

ராமானுஜன் என்றதும் எல்லாருக்கும் கணக்குதான் ஞாபகம் வரும். எனக்கு அவர் குளிரில் நடுங்கியதுதான் வருகிறது.

ஈரோட்டில் 1887-ல் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். இரண்டு கல்லூரிகளில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர், பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். மனைவி ஜானகி ஊரிலேயே இருந்தார்.

சுத்த சைவம் என்பதால் அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். ராத்திரியில் ஓவர்கோட்டோடு சால்வையும் சுற்றிக்கொண்டு படுப்பாராம். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தார்கள். அதுக்குள்ளே நுழைந்து படுக்கணும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நண்பர் மகலனோபிஸ்தான் சொல்லிக்கொடுத்தார்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தது நான்தான். ஆமத்தூரிலிருந்து வந்த முதல் வாரம், டிராப்டரைப் போர்டில் எப்படி மாட்டுவது என்று தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு நின்றேன். எனக்கும் ஒரு மகலனோபிஸ் பக்கத்து போர்டில் இருந்தான்.

உதவித்தொகை வருடத்துக்கு 250 பவுன். அதில் 50 பவுன் ஊரில் அம்மா வீட்டுக்குப் போனது. போர்க்காலத்தில் அவருக்கேற்ற காய்கறி கிடைப்பதே சிரமம். 1917-ல் நோயில் விழுந்தார். 1918-ல் எஃப்.ஆர்.எஸ். பட்டம் வந்தது. 1919-ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் இறந்தார், 32 வயதில். ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.