இத்தாலிக்குப் புறப்பட்டார், கலிலேயாவில் தங்கிவிட்டார்!
கவிஞர் ராகேலின் கதை

1909-ம் ஆண்டு. ரஷ்யாவிலிருந்து இரண்டு யூத சகோதரிகள் பிரயாணம் புறப்பட்டார்கள். ஒருத்தி ஷோஷானா. மற்றவள் ராகேல். ராகேலுக்கு அப்போது ஏறத்தாழ 19 வயது.

அவர்கள் போகவேண்டிய இடம் இத்தாலி. அங்கே ஓவியமும் தத்துவமும் படிப்பதாகத் திட்டம். போகும் வழியில் பாலஸ்தீனத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் இத்தாலிப் படிப்பு அத்தோடு நின்றது!

இஸ்ரேல் என்ற நாடு அப்போது கிடையாது. அது பிறந்தது 1948-ல். 1909-ல் அந்த மண்ணை ஆண்டவர் துருக்கி சுல்தான்.

ராகேல் 1890-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி ரஷ்யாவில் உள்ள சரட்டோவ் நகரில் பிறந்தார். வளர்ந்தது பொல்டாவாவில். குடும்பப் பெயர் புளூவ்ஸ்டைன். வசதியான வீடு. பெரிய குடும்பம். 15 வயதிலேயே ரஷ்ய மொழியில் கவிதை எழுதத் தொடங்கினார். பிறகு கீவ் நகரில் ஓவியம் கற்றார். கையில் மண்வெட்டி பிடிக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

குழந்தைகளே ஆசிரியர்கள்

சகோதரிகள் ரெஹோவோத் என்ற யூதக் குடியிருப்பில் தங்கினார்கள். சுற்றிலும் பழத் தோட்டங்கள். மற்றொரு சகோதரியான பாத்ஷேவாவும் வந்து சேர்ந்தாள். அவள் பியானோ வாசிப்பாள். பகலில் தோட்ட வேலை. மாலையில் இசை, நண்பர்கள், பேச்சு. தங்கும் நாட்கள் வாரங்களாயின. வாரங்கள் மாதங்களாயின. இனித் திரும்புவதில்லை என்று முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு கஷ்டம், மொழி. எபிரேயம் பல நூற்றாண்டுகளாக வேதம் ஓதவும் ஜெபம் செய்யவும் எழுதவும் மட்டுமே பயன்பட்ட மொழி. கடைத்தெருவிலும் அடுப்படியிலும் அதைப் பேசவைக்க வேண்டும் என்று அப்போதுதான் சிலர் பாடுபட்டு வந்தார்கள். சகோதரிகளும் அந்த விரதம் பூண்டார்கள். நாளில் சிறிது நேரம் தவிர ரஷ்ய மொழி பேசுவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்ள எங்கே போனார்கள் தெரியுமா? குழந்தைகள் பள்ளிக்கு! அங்கே உட்கார்ந்து, சின்னஞ்சிறுசுகள் பேசுவதைக் காதால் கேட்டுக் கேட்டே பழகினார்கள். பிற்காலத்தில் ராகேல் எழுதிய கவிதைகள் பண்டிதர் அகராதியைத் தேடாமல் பாமரருக்கும் புரிந்தன என்றால், அதற்கு அந்தக் குழந்தைகளும் ஒரு காரணம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஏரிக்கரையில்

1911-ல் ராகேல் வடக்கே போனார். கலிலேயாக் கடல் என்று பைபிளில் வருகிறதே, அந்த ஏரிக்கரைக்கு. எபிரேயத்தில் அதன் பெயர் கின்னரேத். கின்னோர் என்றால் யாழ். ஏரி யாழின் வடிவில் இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். நம் தமிழ் பைபிளில் அந்த வாத்தியத்துக்குக் கின்னரம் என்றே பெயர் போட்டிருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்!

கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் மேல் தாழ்ந்த இடம் அது. கோடையில் நெருப்பாய்க் காயும். மலேரியா வேறு. அங்கே ஹன்னா மைசல் என்ற பெண்மணி பெண்களுக்காக ஒரு விவசாயப் பள்ளி தொடங்கியிருந்தார். முதலில் சேர்ந்தவர்களில் ராகேலும் ஒருவர். விடியுமுன் எழுந்து மண்ணைக் கொத்துவது, நாற்று நடுவது, களை எடுப்பது என்று ஓயாத வேலை. தன் வாழ்நாளிலேயே இன்பமான காலம் அதுதான் என்று ராகேல் கடைசிவரை நினைத்தார்.

உடலுழைப்பே பெருமை என்று போதித்த முதியவர் ஏ.டி. கோர்டன் அங்கே அவருக்கு வழிகாட்டி. ஸல்மான் ருபாஷோவ் என்ற வாலிபரின் நட்பும் அப்போது கிடைத்தது. இந்த வாலிபர்தான் பின்னாளில் ஷஸார் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1963-ல் இஸ்ரேலின் மூன்றாவது ஜனாதிபதி ஆனவர்.

யுத்தம் மூட்டிய கதவு

விவசாயத்தை முறையாகப் படித்துவரலாம் என்று 1913-ல் பிரான்சில் உள்ள துலூஸ் நகருக்குப் போனார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1914-ல் உலக யுத்தம் மூண்டது. ராகேல் ரஷ்யப் பிரஜை. துருக்கியோ ரஷ்யாவின் எதிரி. ஏரிக்கரைக்குத் திரும்பும் கதவு அடைத்துவிட்டது.

வேறு வழியின்றி ரஷ்யா போனார். யுத்தத்தில் வீடிழந்த அகதிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பசி, குளிர், நெருக்கடி. அங்கேதான் க்ஷயரோகம் அவரைப் பற்றியிருக்க வேண்டும் என்பார்கள்.

1919 இறுதியில், ஒடெஸாவிலிருந்து வந்த ருஸ்லான் என்ற கப்பலில் யாப்பா துறைமுகத்தில் மறுபடி கால் வைத்தார். துருக்கியர் போய் ஆங்கிலேயர் வந்திருந்தார்கள். ராகேல் அதையெல்லாம் கவனித்திருப்பாரோ என்னவோ! நேரே ஏரிக்கரைக்கு ஓடினார். டெகானியா கூட்டுப் பண்ணையில் சேர்ந்தார். குழந்தைகளைக் கவனிக்கும் வேலையும் செய்தார்.

நோய் வெளிப்பட்டது. ஒட்டும் நோய். பண்ணையில் குழந்தைகள் இருக்கிறார்கள். ராகேல் வெளியேற வேண்டும் என்று தோழர்கள் முடிவு செய்தார்கள்.

அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. க்ஷயத்துக்கு அப்போது மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். ஆனால் நோயாளியைத் தன்னந்தனியாக அனுப்பிவிட்டார்களே, அதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

சிறு அறையில் பிறந்த கவிதைகள்

ஜெருசலேம், ஸஃபேத் என்று அலைந்து, முடிவில் டெல் அவீவ் நகரில் ஒரு சிறு அறையில் தங்கினார். மண்ணைக் கொத்திய கை பேனாவைப் பிடித்தது. 1925-ல் தொடங்கிய தாவார் என்ற தினசரியில் அவர் கவிதைகள் தொடர்ந்து வெளிவந்தன. வாசகர்கள் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். இசையமைப்பாளர்கள் மெட்டுப் போட்டார்கள். எல்லாம் சின்னச் சின்னக் கவிதைகள். ஏரி, பழைய நண்பர்கள், தனிமை. பிறக்காத ஒரு மகனுக்கு ஊரி என்று பெயர் வைத்து ஏங்கும் கவிதையைப் படித்துக் கண் கலங்காத தாய் இல்லை.

ஏரி நூறு மைல் தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே வாழ முடியாது. வாக்களிக்கப்பட்ட தேசத்தை நேபோ மலைமேல் நின்று தூரத்தில் பார்த்த மோசேயின் நிலை! ராகேலும் அப்படித்தான் நினைத்தார். 1927-ல் முதல் தொகுதி வந்தது. 1930-ல் வந்த இரண்டாவதற்கு, எதிரே நின்று பார்ப்பது என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவர் மறைந்தபின் 1932-ல் வந்த மூன்றாவது தொகுதியின் பெயரே நேபோ.

1931 ஏப்ரல் 16-ந் தேதி டெல் அவீவ் ஆஸ்பத்திரியில் ராகேல் காலமானார். வயது 40.

உயிரோடு தங்க இடம் கிடைக்காத ஏரிக்கரையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். 2017-ல் இஸ்ரேல் அரசு வெளியிட்ட 20 ஷெக்கேல் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. கல்லறையின் அருகே ஒரு பெட்டியில் அவர் கவிதைப் புத்தகத்தைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதை எடுத்து, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்து படித்துவிட்டு, மறுபடி வைத்துவிட்டுப் போகிறார்கள்.