பிரீட்ரிக் வில்லெம் ரைபைசன்

பிரீட்ரிக் வில்லெம் ரைபைசன் (மார்ச் 30, 1818 - மார்ச் 11, 1888) ஜெர்மனியின் ஊரகக் கூட்டுறவுக் கடன் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் ஆவார். ஈடு வைக்க ஏதுமற்ற ஏழை உழவர்களுக்கும் நட்டமின்றிக் கடன் வழங்க இயலும் என்பதை நடைமுறையில் காட்டியவர். இவர் வங்கியாளரோ பொருளியல் அறிஞரோ அல்லர். சிற்றூர்களில் மேயராகப் பணியாற்றிய அரசு அலுவலர்.

வாழ்க்கை

அன்றைய பிரசியாவில், சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹம் என்னும் ஊரில் பிறந்தார். 17ஆம் அகவையில் படையில் சேர்ந்த இவர், கண்நோய் காரணமாக 1843இல் அதிலிருந்து விலகினார். 1845இல் வையர்புஷ் ஊரின் மேயரானார். 1846-47 குளிர்காலத்தில் அங்கு கடும் பஞ்சம் நிலவியது. வசதி படைத்தோரிடம் பணம் திரட்டிச் சங்கம் ஒன்றை அமைத்து, பொது அடுமனை கட்டி, ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி வழங்கச் செய்தார்.

1848இல் பிளாமர்ஸ்பெல்டுக்கு மாற்றப்பட்டார். அங்கு உழவர்கள் கால்நடை வாங்க வட்டிக்காரர்களையே நம்பியிருந்தனர். மறு ஆண்டு இவர் தொடங்கிய உதவிச் சங்கத்தில் சுமார் 60 செல்வந்தர்கள் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கடன் திரட்டினர். உழவர்கள் கால்நடைகளைப் பெற்றுத் தவணையில் செலுத்தினர். 1854இல் ஹெடஸ்டோர்பில் நிறுவிய அறநிலைச் சங்கம் ஆதரவற்ற சிறுவர், விடுதலையான கைதிகள் எனப் பலருக்கும் உதவ முனைந்தது. ஆயினும் கொடையாளர்களின் ஆர்வம் நாளடைவில் குன்றியது. கடன் பிரிவு மட்டுமே நிலைத்தது.

ஈகையையே கிறித்தவக் கடமையாகக் கருதிய ரைபைசன், அதனை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதைத் தயக்கத்துடனேயே ஏற்றுக்கொண்டார். 1864இல் ஹெடஸ்டோர்ப் சங்கம் கடன் பெறுவோரையே உறுப்பினராகக் கொண்ட கடன் சங்கமாக மாற்றப்பட்டது. இவரது வாழ்வின் முதன்மையான திருப்பம் இதுவே எனலாம்.

உடல்நலம் குன்றி 1865இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் போதாமையால் சுருட்டுத் தொழிலும் பின்னர் திராட்சைமது வணிகமும் நடத்தினார். தனது முறையை விளக்கும் நூலை 1866இல் வெளியிட்டார். கண்பார்வை பெரிதும் மங்கிய காலத்தில் மகள் அமாலி இவருக்காக எழுதி உதவினார்.

சங்கங்கள் இயங்கிய முறை

ஒவ்வொரு சங்கமும் ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிறு பகுதிக்குள் மட்டுமே இயங்கியது. உறுப்பினர் அனைவரும் வரையறையற்ற பொறுப்பு ஏற்றனர். ஒருவர் திருப்பித் தராவிடில் இழப்பு அனைவரையும் சாரும். எனவே கடன் கேட்பவரின் நாணயத்தையும் பணம் எதற்குச் செலவாகிறது என்பதையும் அயலாரே கவனித்தனர். எந்தப் பேரேட்டிலும் கிடைக்காத தகவல் இது. நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை. ஈட்டிய மிகுதி பங்கிடப்படாமல் பொது நிதியில் சேர்ந்தது.

நகர்ப்புறக் கூட்டுறவின் முன்னோடியான சூல்ச-டெலிச், பங்கு மூலதனம் இன்றி நீண்டகாலக் கடன் தருவது ஆபத்தானது எனக் கடுமையாக எதிர்த்தார். அறுவடைவரை காத்திருக்க வேண்டிய உழவருக்குக் குறுகியகாலக் கடன் பயன்படாது என்பது ரைபைசனின் நிலைப்பாடு.

இவரது எழுத்துக்களில் யூதர்களுக்கு எதிரான முற்சாய்வு காணப்படுவதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

தமிழகத் தொடர்பு

சென்னை மாகாண அரசு 1892இல் பிரெடெரிக் நிக்கல்சனை ஐரோப்பிய வேளாண் கடன் அமைப்புகளை ஆராயப் பணித்தது. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வெளியான அவரது அறிக்கைகள் ரைபைசன் முறையை வலியுறுத்தின. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஊரகச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பையே பொது விதியாக்கியது. மாகாணத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் அதே ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் பதிவு செய்யப்பட்டது.